மௌனமாயிருந்த ஒலிபெருக்கிகள்



நான் பேசுகின்றேன்; நீங்கள் கேட்கின்றீர்கள். என் வாய்க்கும் உங்கள் செவிக்கும் இடையிலே எத்தனையோ கருவிகள் நிற்கின்றன. அவற்றுட் கடைசியாக நிற்பது ஒரு சிறு கூம்பு. காகிதத்தினாலோ பிளாஸ்ரிக்கினாலோ ஆன அக்கூம்பு முன்னும் பின்னும் அசைகின்றது. அதன் முன்னுள்ள காற்றும் அசைகின்றது. அந்த அசைவையே நீங்கள் என் குரல் என்று கொள்கின்றீர்கள். பெரிய வானொலிப் பெட்டியிற் கேட்டாலும், உள்ளங்கையில் அடங்கும் தொலைபேசியிற் கேட்டாலும் இதுவே நிகழ்கின்றது. ஆயினும் அக்கூம்பை நாம் நினைப்பதில்லை. அது கிழிந்த பின்னரும் "றேடியோ கரகரக்கிறது" என்று றேடியோவையே குறைகூறுகின்றோம்.

அந்தக் கூம்பைப் பற்றி இன்று சிறிது பேச எண்ணுகின்றேன். பிறர் பாவித்துக் கைவிட்ட பழைய ஒலிபெருக்கிகளைத் தேடி வாங்கி, அவற்றைத் திருத்திப் பாடவைப்பது எனக்குப் பல ஆண்டுகளாக உள்ள ஒரு பைத்தியம். வீட்டிலுள்ளோர் அதற்கு வேறு பெயர்களும் வைத்திருக்கின்றனர். அவற்றை இங்கே சொல்ல வேண்டா.

2016ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த வாரத்திலே, யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டிலே பழைய பொருள்கள் விற்கப்படுவதாகக் கேள்வியுற்றுச் சென்றேன். வீட்டுக்காரர் இளைப்பாறிய சங்கீத ஆசிரியர். அப்பொழுது அவருக்கு எண்பத்துநான்கு வயது. மனைவியார் காலமாகிவிட்டார். மாசி மாத இறுதியிலே கனடாவிலுள்ள மகனிடம் செல்வதற்கு ஏற்பாடாகியிருந்தது. அலுமாரிகளும் கட்டில்களும் முற்றத்திலே நின்றன. அவற்றுக்குப் பின்னால், சாக்கினால் மூடப்பட்டபடி இரண்டு மரப்பெட்டிகள் இருந்தன. சாக்கை நீக்கியதும் என் நெஞ்சு சற்றே வேகமாக அடித்தது. இங்கிலாந்திலே செய்யப்பட்ட ஒலிபெருக்கிகள், 1970களைச் சேர்ந்தவை, எட்டு அங்குலக் கூம்பும் அதன் மேலே சிறிய உயர்சுர ஒலிபெருக்கியும் கொண்டவை. செய்தவர் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். அஃது எனக்கு ஏற்றதன்று.

அவை வந்த வரலாற்றை ஐயாவே சொன்னார். 1977க்கு முன்னர் இத்தகைய பொருள்களை இந்நாட்டிற்குத் தருவிப்பது எளிதாயிருக்கவில்லை. கட்டுப்பாடுகள் தளர்ந்தபின், 1979இலே, இலண்டனிலிருந்து திரும்பிய மைத்துனர் இவற்றைக் கொண்டுவந்து கொடுத்தாராம். பதினொரு ஆண்டுகள் அந்த வீட்டிலே மாலைதோறும் கச்சேரி நடந்தது. 1990இலே குடாநாட்டிற்கு மின்சாரம் நின்றது. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட அந்தக் காலத்தை யாழ்ப்பாணத்து நேயர்கள் மறந்திரார். டைனமோவிலே செய்தி கேட்கலாம். இப்பெரிய பெட்டிகளைப் பாடவைக்க இயலாது. 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியிலே ஊரே இடம்பெயர்ந்தது. மறு ஆண்டிலே திரும்பி வந்து பார்த்தபொழுது கூரை ஓடுகள் சில இல்லை. ஒரு பெட்டி முகம் மேலாகச் சரிந்து கிடந்தது. மற்றதன் அடியிலே கறையான் ஏறியிருந்தது. அதன்பின் மின்சாரம் வந்தது, பெட்டிகள் பாடவில்லை. துணியாற் போர்த்தி வைத்தார்கள்.

விலையைப் பற்றி அவர் பேரம் பேசவில்லை. பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது மட்டும் என் அருகே வந்தார்.

"தம்பி, இவை திரும்பப் பாடினால் நான் போகமுன் ஒருக்கால் கேட்கலாமோ?"

"கேட்கலாம், ஐயா" என்றேன். ஆறு வாரம் இருந்தது. ஆறு வாரம் போதும் என்று எண்ணினேன்.

நிற்க. இக்கருவியின் அமைப்பைச் சற்று விளக்காமல் மேலே செல்வது முறையன்று.

காந்தமொன்றின் இரு முனைகளுக்கிடையே வட்டமான ஒடுங்கிய இடைவெளி ஒன்றுண்டு. அவ்விடைவெளியிலே மெல்லிய கம்பிச்சுருளொன்று தொங்குகின்றது. சுருளிலே பாட்டின் மின்னோட்டம் பாயும்பொழுது அது காந்தத்தினாலே முன்னும் பின்னும் தள்ளப்படுகின்றது. சுருளோடு ஒட்டிய கூம்பும் கூடவே அசைகின்றது. இவ்வளவுதான். இக்கருத்துக்கு 1898இலேயே ஒலிவர் லொட்ஜ் என்னும் ஆங்கில அறிஞர் உரிமைப் பத்திரம் பெற்றார். ஆனால் அக்காலத்திலே மின்னோட்டத்தைப் பெருக்கும் வால்வுகள் இல்லாமையால் அது பயன்படவில்லை. அமெரிக்காவிலே ஜென்சன், பிறிடம் என்னும் இருவர் 1915இலே சுருளோடு ஊதுகுழலைப் பொருத்தி உரத்த ஒலி எழுப்பினர். இன்று நாம் காணும் காகிதக் கூம்பு ஒலிபெருக்கிக்கு முறையான உருவம் கொடுத்தவர்கள் ஜெனரல் இலெக்றிக் நிறுவனத்தைச் சேர்ந்த றைஸ், கெலொக் என்போர், ஆண்டு 1925. அதே ஆண்டு மார்கழியிலேதான் கொழும்பிலே முறையான வானொலி ஒலிபரப்பும் தொடங்கியது. நமது வானொலியும் இந்தக் கூம்பும் ஏறக்குறைய ஒரே வயதின.

காந்தத்துக்கும் சுருளுக்கும் இடையேயுள்ள இடம் ஒரு மில்லிமீற்றரின் சிறு பகுதியே. சுருள் அங்கே எதனையும் தொடாமல் அசைதல் வேண்டும். அதனை நடுவிலே நிறுத்துவன இரண்டு. கூம்பின் அடியிலே மடிப்பு மடிப்பான துணித் தட்டொன்று உண்டு. அதற்குத் தொழிலாளர் 'சிலந்தி' என்று பெயரிட்டனர். ஆதியிலே அது கால் பரப்பிய சிலந்திபோல வெட்டப்பட்டிருந்தது. உருவம் மாறியும் பெயர் மாறவில்லை. மற்றையது கூம்பின் வெளி விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் வளையம். பழைய ஒலிபெருக்கிகளின் விதி பெரும்பாலும் இந்த வளையத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றது.

வளையத்தைத் துணியாற் செய்தவர்கள் உளர். இறப்பராற் செய்தவர்களும் உளர். 1960களின் பிற்பகுதி தொடங்கிப் பலர் நுரைப்பஞ்சை விரும்பினர். கடையிலே 'ஃபோம்' என்பார்களே, அது. மிக இலேசானது, கூம்பை மிகத் தாராளமாக அசையவிடுவது. ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதனை உள்ளிருந்தே அறுக்கின்றது. குளிர்நாடுகளிலே பத்து இருபது ஆண்டுகள் நிற்கும். நமது வெப்பத்திலும் ஈரத்திலும் அவ்வளவு நில்லாது. இதிலே ஒரு கொடுமை உண்டு. பாவித்தாலும் பாவியாவிட்டாலும் அது ஒருபோலவே அழியும். சாக்கினாலே மூடிப் பாதுகாத்தேன் என்பதற்காக நுரைப்பஞ்சு இரங்குவதில்லை.

ஐயாவின் பெட்டிகளின் முன்துணியை நான் கழற்றியபொழுது வளையம் என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. விரலாலே தொட்டேன், கறுத்த களிபோல ஒட்டிக்கொண்டது, மீதி தூளாக உதிர்ந்தது. கூம்புகள் மாத்திரம் நல்ல நிலையிலே இருந்தன. நல்ல காகிதம் என்றே சொல்ல வேண்டும்.

இங்கே ஓர் ஆங்கிலேயரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் பெயர் கில்பேட் பிறிக்ஸ். யோக்சயர்ப் பகுதியிலே கம்பளித் துணி வாணிபத்தில் இருந்தவர். 1932இலே, நாற்பது வயதைக் கடந்த பருவத்திலே, இல்க்லி என்னும் ஊரிலே தம் வீட்டின் நிலவறையிலே ஒலிபெருக்கி செய்யத் தொடங்கினார். அவ்வூரிருக்கும் பள்ளத்தாக்கின் பெயரான வாவ்டேல் என்பதையே தம் நிறுவனத்துக்கு இட்டார். துணி வாணிபத்திலே பழகிய கையாதலால், கூம்பின் விளிம்புக்குத் துணியைப் பாவித்தார். அத்துணி விளிம்புகள் இன்றும் பல இடங்களிலே சிதையாமல் இருக்கின்றன. அதிர்வை அடக்குவதற்கு இரு பலகைகளுக்கிடையே மணலைக் கொட்டி நிரப்பிப் பெட்டியின் பக்கங்களைச் செய்தவரும் அவரே. பெட்டியைத் தூக்கியவர்கள் அவரை வாழ்த்தியிருக்க மாட்டார்கள், கேட்டவர்கள் வாழ்த்தினார்கள். 1954இலே இலண்டன் றோயல் ஃபெஸ்ரிவல் மண்டபத்திலே, மேடையில் வாசிப்போரின் இசையையும் ஒலிபெருக்கியின் இசையையும் மாறி மாறிச் சபையோருக்குக் கேட்கச் செய்தார். பெருக்கிகளைக் கொடுத்து உடனிருந்தவர் பீற்றர் வோக்கர். மண்டபம் நிறைய மக்கள் அமர்ந்து ஒரு பெட்டியைக் கேட்டார்கள் என்பது இன்று நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். வானொலியின் முன் ஊரே கூடியிருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றாது.

திரும்பவும் என் மேசைக்கு வருவோம்.

முதலிலே உயிர் இருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். எட்டு ஓம் என்று குறிக்கப்பட்ட ஒலிபெருக்கியின் சுருளை மல்ரிமீற்றராலே அளந்தால் ஆறு அல்லது ஆறரை ஓம் அளவு காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டாற் சுருள் அறுந்துவிட்டது. பின்பு ஒன்றரை உவோற்றுப் பற்றரி ஒன்றின் இரு முனைகளையும் ஒரு கணம் மாத்திரம் தொட்டுப் பார்க்கலாம். பற்றரியின் நேர்முனை சிவப்புக் குறியிலே படும்போது கூம்பு வெளியே தள்ளும். சில பழைய அமெரிக்க ஒலிபெருக்கிகளிலே இது மாறி நிகழும். பழைய சாமான் கடைக்குச் செல்வோர் சட்டைப்பையிலே ஒரு பற்றரி கொண்டுசெல்வது நன்று. கடைக்காரர் சொல்லாததைப் பற்றரி சொல்லும். அன்றியும் கூம்பின் இரு பக்கங்களிலும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல அமுக்கிச் செவியைக் கிட்ட வைத்தல் வேண்டும். சொறசொறவென்று ஒலி வந்தாற் சுருள் உராய்கின்றது என்பது பொருள்.

நான்கு ஒலிபெருக்கிகளும் உயிரோடிருந்தன. தெய்வாதீனம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் முகம் மேலாகச் சரிந்து கிடந்த பெட்டியின் பெரிய கூம்பு சற்றே உள்ளே அமிழ்ந்திருந்தது. பல ஆண்டு கிடந்தமையால் அதன் பாரம் சிலந்தியை இழுத்துவிட்டது. இதற்கு மருந்து எளிது: ஒலிபெருக்கியை முகம் கீழாகச் சில காலம் வைத்துவிடலாம். இனிப் புவியீர்ப்பே மறுபக்கம் இழுத்துச் சரிசெய்யும். அமிழ்வு சிறிதானால் இது போதும்.

கொழும்பிலிருந்து புதிய வளையங்கள் இரவுப் பேருந்திலே வந்தன. கூம்பின் விளிம்பிலும் சட்டத்திலும் ஒட்டியிருந்த பழைய பசையை மதுசாரம் தோய்த்த துணியாலே துடைத்துச் சுரண்டுவதற்கே மூன்று மாலைகள் சென்றன. மேசையிலே இரும்புத் துகள் ஒன்றேனும் இருத்தலாகாது. காந்தம் அதனை இழுத்து இடைவெளிக்குள்ளே வைத்துக்கொள்ளும். வெளியே எடுப்பதற்கு ஒட்டுத்தாளை மடித்து உள்ளே விட்டுத் தவம் செய்தல் வேண்டும். காந்தத்தைக் கழற்றிச் சுத்தஞ்செய்யலாமே என்று யாரேனும் சொன்னாற் செவிகொடுக்க வேண்டா. அல்நிக்கோ என்னும் பழைய கலப்புலோகக் காந்தத்தை அதன் இரும்புச் சட்டத்திலிருந்து பிரித்தால், திரும்பப் பொருத்தும்போது அது முன்னைய வலிமையோடு இராது.

முதலாம் ஒலிபெருக்கிக்கு வளையத்தை ஒட்டினேன். முறைப்படி செய்வதானால் கூம்பின் நடுவிலுள்ள தூசுமூடியை மெல்ல வெட்டி எடுத்து, சுருளுக்கும் உள்ளேயுள்ள காந்தக் கம்பத்துக்கும் இடையே மெல்லிய தாள்களைச் சுற்றிவரச் செருகுதல் வேண்டும். அப்பொழுது சுருள் நடுவிலே அசையாமல் நிற்கும். பசை காய்ந்தபின் தாளை எடுத்துவிட்டு மூடியைத் திரும்ப ஒட்டலாம். நான் அவ்வாறு செய்யவில்லை. மூடியை வெட்ட மனம் வரவில்லை; காலமும் குறைவு. கையாலே நடுவைக் கணித்தேன். போதாக்குறைக்கு, விரைவிலே பிடிக்கும் கடும்பசை ஒன்றையும் பாவித்தேன். காலையிலே கூம்பை அமுக்கினேன். சொறசொற என்றது.

அந்த ஒலியைக் கேட்டபொழுது எனக்கு உண்டான துயரத்தை விவரிக்க மாட்டேன். இருபத்தாறு ஆண்டுகள் மழையிலும் கறையானிலும் தப்பிய ஒரு பொருளை ஓர் இரவிலே நான் கெடுத்தேன்.

நகரத்திலே வானொலி திருத்தும் முதியவர் ஒருவர் இருந்தார். சிறு கடை; பெயர்ப்பலகையும் இல்லை. அவரிடம் கொண்டுசென்றேன். கூம்பை இருமுறை அமுக்கிப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் காயவிட்டனீங்கள்?"

"ஒரு இரவு, அண்ணை."

"சேர், இந்தப் பசை அஞ்சு நிமிசத்திலே பிடிச்சிட்டுது. மிச்ச இரவு முழுக்க அது பிழையைத்தான் காவல் காத்தது."

அவர் கோபித்துச் சொல்லவில்லை. சிறு தூரிகையாலே கரைப்பானைத் தடவித் தடவி, மெல்லிய அலகொன்றினாலே வளையத்தை அரையங்குலம் அரையங்குலமாகப் பிரித்தார். கூம்பின் காகிதம் இரண்டு இடங்களிலே தோல் உரிந்தது. மெல்லிய தாளும் நீரிற் கரைந்த பசையும் கொண்டு அவற்றை மூடினார். வளையம் பாழாயிற்று. புதிய வளையம் வருவதற்கு மேலும் ஒரு வாரம். அவ்வாரம் முழுவதும் நாட்காட்டியைப் பார்ப்பதே என் வேலை.

இரண்டாம் முறை அவர் கடையிலேயே, அவர் கண்முன்னாலே செய்தேன். தூசுமூடியைச் சவர அலகினால் வட்டமாக அறுத்தேன். செருகுவதற்குப் பழைய எக்ஸ்-கதிர்ப் படத்தைக் கீலங்களாக வெட்டித் தந்தார். யாருடைய நெஞ்செலும்போ அது. வெண்பசையாலே வளையத்தை முதலிற் கூம்போடு ஒட்டி, ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, மறுநாளே சட்டத்தோடு ஒட்டினோம். வெண்பசை மெல்லப் பிடிப்பது. அதனாலே பத்து நிமிடம்வரை நடுவைச் சரிபார்க்கலாம். கீலங்களை உருவியபின் கூம்பை அமுக்கினேன். ஒலியே இல்லை. மற்றையதையும் அவ்வாறே செய்தோம்.

அவரிடம் வந்த வேறொருவர், பழைய உறுப்புகளை எறிந்துவிட்டுப் புதிய ஒலிபெருக்கிகளை அதே பெட்டியிலே பூட்டினால் ஒரு நாளிலே முடிந்துவிடுமே என்றார். பலர் அவ்வாறு செய்கின்றனர். குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்பெட்டிகள் காற்றுப் புகாதபடி முற்றாக மூடப்பட்டவை. உள்ளே அடைபட்ட காற்றையே கூம்புக்குச் சுருள்வில்லாக ஆக்கும் முறையை அமெரிக்கரான எட்கார் வில்ச்சர் 1954இலே விற்பனைக்குக் கொண்டுவந்தார். சிறு பெட்டியிலே தாழ்ந்த சுரம் எழுந்தது அதனாலே. அத்தகைய பெட்டியிலே கூம்பின் பாரம், வளையத்தின் இளக்கம், பெட்டியின் கொள்ளளவு எல்லாம் ஒன்றையொன்று பார்த்து அளக்கப்பட்டவை. வேறொரு கூம்பை அங்கே வைத்தாற் பெட்டி பாடும். அந்தப் பெட்டி பாடாது. இளகிய வளையம் வேண்டிய இடத்திலே கடினமான வளையத்தை ஒட்டினாலும் இதே குற்றம் நேரும். ஆகையாலே அளவு மாத்திரம் பாராமல் இளக்கத்தையும் பார்த்து வாங்குதல் வேண்டும்.

கறையான் தின்ற அடிப்பலகையைத் தச்சர் ஒருவர் வெட்டி நீக்கி, வேறு பலகை இணைத்துத் தந்தார். நனைந்து ஊதிய மூலைகளுக்குப் பசை ஊட்டி இறுக்கிக் கட்டி வைத்தோம். பெட்டியினுள்ளே அடைத்திருந்த கண்ணாடிப் பஞ்சை வெளியே எடுக்கும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளல் வேண்டும். நான் ஒருநாள் கட்ட மறந்து, இரண்டு நாள் இருமினேன்.

இனிப் பெட்டியினுள் மறைந்திருக்கும் மற்றோர் உறுப்பு. தாழ்ந்த சுரங்களைப் பெரிய கூம்புக்கும், உயர்ந்த சுரங்களைச் சிறியதற்கும் பிரித்து அனுப்பும் சுற்று அது. அதிலே கொள்ளளவி ஒன்று உண்டு, கடைமொழியிலே கண்டென்சர். உள்ளே ஈரமான திரவமுள்ள வகை, ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து தன் குணம் மாறும். ஐயாவின் பெட்டியிலிருந்ததன் மேலே எட்டு மைக்குரோபரட் என்று அச்சிட்டிருந்தது. மீற்றரோ ஏறக்குறைய பன்னிரண்டு காட்டியது. இதனாலே என்ன என்று கேட்பீர்கள். எட்டு ஓம் உள்ள சிறு ஒலிபெருக்கிக்கு எட்டு மைக்குரோபரட் வைத்தால், செக்கனுக்கு ஏறத்தாழ 2,500 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியே அதற்குச் செல்லும். பன்னிரண்டு ஆயின் அவ்வெல்லை 1,650 அளவுக்கு இறங்கிவிடும். தாங்கவொண்ணாத சுரங்களும் அந்தச் சிறு சுருளுக்குள்ளே புகும். உரக்க வைத்தாற் கருகும். சுருள் கருகினாற் பழைய உறுப்புக்கு மாற்று எங்கே தேடுவது?

இரு பெட்டிகளிலும் ஒருங்கே புதிய கொள்ளளவிகளை வைத்தேன். ஒன்றை மாத்திரம் மாற்றினால் இரட்டையர் இருவேறு குரலிலே பேசுவர். திரவமில்லாத புதுவகை மெல்லேட்டுக் கொள்ளளவிகள் நெடுங்காலம் நிற்கும். ஆனாற் பழையனவற்றிலே இயல்பாகவே சிறிது தடை இருந்தது; புதியனவற்றிலே அஃது இல்லாமையால் உயர்சுரம் சற்றே கூர்மையாகக் கேட்கலாம். எனக்கு அவ்வாறே கேட்டது. அரை ஓம் தடையொன்றைச் சேர்த்ததும் தணிந்தது. இதனை வீண் வேலை என்போரும் உளர். அவர்கள் செவி அவர்களுக்கு.

ஓர் எச்சரிக்கையும் சொல்லி விடுகின்றேன். நான் சொன்ன வேலை, பெருக்கியிலிருந்து கழற்றிவைத்த ஒலிபெருக்கிப் பெட்டிகளைப் பற்றியது. அதிலே மின்சார அபாயம் இல்லை எனலாம். பாட்டனார் காலத்து வால்வு வானொலிப் பெட்டிகள் அவ்வாறல்ல. அவற்றுட் பலவற்றிலே நிலையான காந்தம் இல்லை, மின்காந்தமே உண்டு. அதன் கம்பியிலே நூற்றுக்கணக்கான உவோற்று நிற்கும். மின்செருகியைக் கழற்றியபின்னும் உள்ளேயுள்ள கொள்ளளவிகள் அடிக்கும். நிலைமின் வகை ஒலிபெருக்கிகளிலோ ஆயிரக்கணக்கான உவோற்று. இவற்றைக் கற்றவரிடமே கொடுத்தல் வேண்டும்.

மாசி மாதத்தின் கடைசி வாரமும் வந்தது. ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே என் அறையிலே குறைந்த ஒலியிலே ஒரு மணி நேரம் பாடவைத்துப் பார்த்தேன். கூம்பை மெல்ல அமுக்கிவிட்டால் அது தாமதித்துத் திரும்பியது. காற்று ஒழுகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். ஐயா புறப்படுவதற்கு நான்கு நாள் முன்னர், பெட்டிகளையும் என் இசைத்தட்டுச் சுழலியையும் சிறு பெருக்கியையும் வண்டியிலேற்றிக்கொண்டு சென்றேன். வீடு வெறுமையாயிருந்தது. தளபாடங்கள் எல்லாம் போய்விட்டமையால் பேச்சுக்கூட எதிரொலித்தது. ஒரு சாய்மனைக் கதிரை மாத்திரம் எஞ்சியிருந்தது. இசைத்தட்டை அவர் தாமே கொண்டுவந்தார். வாய்ப்பாட்டுக் கச்சேரி ஒன்று. பழைய ஒற்றைத்தடப் பதிவு. உறையின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. தட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்.

பெட்டிகளை அவர் காட்டிய இடங்களிலே வைத்தேன். நிலத்திலே பழைய அடையாளங்கள் இருந்தன. முட்டியை இறக்கினேன். தம்புரா எழுந்தது, குரல் எழுந்தது. உராய்வு இல்லை, கரகரப்பு இல்லை. என் உள்ளம் பூரித்தது. ஐயா கண்களை மூடியிருந்தார். ஆலாபனை முடிந்து பாட்டுத் தொடங்கியது. சிறிது நேரத்திலே கண்களைத் திறந்தார். முகத்திலே மகிழ்ச்சியைக் காணேன்.

"தம்பி, பாடுகிறவர் எங்கே இருக்கிறார்?"

எனக்கு விளங்கவில்லை.

"அவர் எப்பொழுதும் இந்த இரண்டுக்கும் நடுவிலே, அந்த யன்னலுக்கு நேரே இருப்பார். இப்ப ஒரு இடத்திலும் இல்லை. தலைக்குப் பின்னாலே எங்கேயோ நிற்கிறார். மிருதங்கத்தின் வலந்தலை கேட்கிறது, தொப்பி கேட்கவில்லை."

எண்பத்துநான்கு வயதுச் செவி. இருபத்தாறு ஆண்டுகளாக அந்தப் பெட்டிகளைக் கேளாத செவி. நான் எழுந்து பெட்டிகளின் பின்னே சென்றேன். ஒரு பெட்டியின் கூம்பு வெளியே தள்ளும்போது மற்றதன் கூம்பு உள்ளே இழுக்குமானால், இரண்டும் எழுப்பும் தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். நடுவிலே நிற்கவேண்டிய குரலும் இடமற்றுப்போகும். பற்றரியை வைத்து இதனைச் சோதிக்கும் முறையைச் சற்று முன்னர் உங்களுக்கே சொன்னேன். நானும் சோதித்தவன்தான், ஆனாற் கழற்றிவைத்த நிலையிலே சோதித்தேன். திரும்பப் பூட்டும்போது, நிறம் மங்கி ஒன்றுபோலிருந்த இரு கம்பிகளை மாற்றிப் பூட்டிவிட்டேன். தனித்தனியே கேட்டபொழுது அப்பிழை தெரிய வழியில்லை. இரண்டையும் ஒருங்கே பாடவைத்தது அன்றே முதன்முறை.

பாட்டை நிறுத்தினேன். ஒரு பெட்டியின் பின்னே வந்த இரு கம்பிகளையும் இடம் மாற்றிப் பூட்டினேன். ஐயா ஒன்றும் பேசவில்லை. கதிரையைச் சிறிது முன்னே இழுத்துக்கொண்டார். முட்டியைத் தட்டின் தொடக்கத்திலே திரும்பவும் இறக்கினேன்.

தம்புரா யன்னலுக்கு நேரே எழுந்தது. பின்பு குரல். பாட்டுத் தொடங்கி மிருதங்கம் சேர்ந்தபொழுது, தொப்பியின் முதலாவது அடி அந்த வெறும் அறையின் நிலத்திலே வந்து விழுந்ததை என் பாதத்தாலே உணர்ந்தேன். ஐயாவின் வலக்கை தொடையிலே தாளம் போடத் தொடங்கியது.

அந்தப் பக்கம் முடியும்வரை அவர் என்னைப் பார்க்கவில்லை. முட்டி உள்வட்டத்தை அடைந்து இரைந்துகொண்டிருந்தது. நான் எழுந்தேன்.

"மற்றப் பக்கத்தையும் போடும், தம்பி" என்றார்.